நில் என்று போட்ட கோடு

இப்போதெல்லாம் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் ஒன்றும் கொண்டுவருவதில்லை. வாய் நிறைய யோசனை கொண்டுவருகிறார்கள். வந்து உட்கார்ந்து மூச்சு அடங்குவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் கொடுத்துப் பார்த்தீர்களா, இதைத் தேய்த்துப் பார்த்தீர்களா, எங்கள் சித்தப்பாவின் சம்பந்திக்கும் இதே வியாதிதான், இப்போது ஓடுகிறார் என்பார்கள். ஓடுகிற அந்த ஆளை இதுவரை ஒருவரும் கண்ணில் காட்டியதில்லை. சொல்லி முடித்ததும் கைப்பேசியைத் தடவிக்கொண்டே எழுந்து, வாசலில் நின்று, "உங்க உடம்பையும் பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை. அதோடு கடமை தீர்ந்தது. பெரியவர் தன் உடம்பை எப்போது பார்ப்பது, அந்த நேரத்தில் அவர் மனைவியை யார் பார்ப்பது என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

அதனால் பெரியவர், வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவது என்ற முடிவுக்கு வந்திருந்தார். கதவைப் பாதி திறந்து, "தூங்குறா" என்று சொன்னால் போதும். பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்தது.

அவளுக்கு வந்திருப்பது நடுக்குவாதம். முதலில் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டத் தொடங்கின. அப்புறம் முகத்திலிருந்து சிரிப்பு எங்கேயோ இறங்கிப் போனது. குரல் சிறுத்தது. கடைசியாகக் கால். நன்றாக நடந்து வருவாள். அறை வாசல்படி வந்ததும் பாதம் இரண்டும் பசை தடவி ஒட்டினாற்போல் நின்றுவிடும். மேல் உடம்பு போகப் பார்க்கும், கால் வராது, விழுவாள். மாத்திரை ஏறியிருக்கும்போது தண்ணீரில் மிதக்கிறவள் மாதிரி நகர்வாள். மாத்திரை இறங்கியதும் கல்லாகிவிடுவாள். மிதப்புக்கும் கல்லுக்கும் நடுவே வீடே ஒரு அரைத்தூக்கத்தில் கிடந்தது. அவள் முழுதாகத் தூங்குவதில்லை, அவர் முழுதாக விழிப்பதில்லை. திரைச்சீலை வழியாக மதிய வெயில் பால் கலந்த மாதிரி உள்ளே வந்து, தரையில் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து போகும்.

அலமாரி மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக அவள் சொன்னது அப்படிப்பட்ட ஒரு மதியத்தில்தான். நல்ல மனிதராம். தொப்பி வைத்திருக்கிறாராம். காலைத் தொங்கப் போட்டிருக்கிறாரே தவிர, தொந்தரவு ஒன்றும் இல்லையாம். வியாதியிலும் மாத்திரையிலும் சிலருக்கு இப்படித் தெரியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பெரியவர் கேட்கவில்லை. நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலே கையால் துழாவி, தூசியைக் காட்டிச் சண்டை போட்டார். அவள் சத்தமில்லாமல் அழுதாள். அதற்குப் பிறகு அவரும் வழிக்கு வந்துவிட்டார்.

"அந்த அண்ணன் இன்னும் இங்கதாங்க இருக்காரு" என்பாள் அவள்.

"போகல. வேல வெட்டி இல்லாத ஆளு போல."

"அவருக்கும் ஒரு டீ குடுங்களேன்."

"எறங்கி வந்து இந்தத் தலகாணிய மாத்திப் போடச் சொல்லு. அப்புறம் டீயப் பத்திப் பேசலாம்."

அவள் முகம் அசையாது. ஆனால் இடது கண்ணின் ஓரத்தில் ஒன்று மின்னி அடங்கும். இப்போது அவளுடைய சிரிப்பு அவ்வளவுதான். அதைச் சிரிப்பு என்று கண்டுபிடிக்கவே அவருக்கு வெகுகாலம் பிடித்தது. ஆனாலும் அறையைவிட்டு வெளியே போகும்போதெல்லாம் அலமாரி உச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். இருக்கிற ஆட்களையே நம்பாத மனிதர், இல்லாத ஆளை எப்படி நம்புவார்?

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் சாலையில் வெள்ளைக் கோடு போட்டவர். படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை, அவரும் அதைத் துரத்திப் போகவில்லை. சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இழுத்துக் கட்டி ஒரு சுண்டு சுண்டினால் சாலையில் நேர்கோடு விழும். அதன் மேல் கொதிக்கிற வெள்ளைப் பெயிண்டை இறக்கிக்கொண்டே வண்டியைத் தள்ளிப் போக வேண்டும். பின்னாலேயே ஒருத்தர் கண்ணாடிப் பொடி தூவி வருவார், வாகனங்களின் விளக்கு பட்டால் மின்னுவதற்காக. வாயால் சொன்னால் மனிதர்கள் கேட்கமாட்டார்கள், கோடு போட்டால் கேட்பார்கள். இந்த உலகத்தில் அவர் நம்பிய ஒரே சங்கதி இதுதான்.

வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். குதிரைவால் முடியும் குலுக்கலுமாக வருவாள். அவள்தான் ஒருநாள் சொன்னாள்: "தாத்தா, தரையில குறுக்குப் பட்டையா டேப் ஒட்டிப் பாருங்க. கோட்டப் பாத்தா பாட்டிக்குக் காலத் தூக்க வரும்."

"காலுக்கும் டேப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உள்ள ஒரு வழி அடச்சிருக்கு. அதான் கண்ணு வழியா வேற வழி காட்டுறோம்."

"சொல்றதுக்கென்ன. வாய் இருக்கு."

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கைக்குடையை மடித்து, ஒட்டிப்போய் நின்ற பாதங்களுக்கு முன்னால் குறுக்கே போட்டாள். அவர் மனைவி குடையைப் பார்த்தாள். வலது கால் மெதுவாக எழுந்தது, குடையைத் தாண்டியது, அந்தப் பக்கம் இறங்கியது.  கோடு போட்டே பிழைத்தவன் வீட்டில் டேப் ஒட்டுவதா என்ற ரோஷம்தான் பெரியவருக்கு வந்தது.

மறுநாளே நூலை எடுத்துவிட்டார். பெயிண்ட் வாங்கிவந்தார். கட்டிலிலிருந்து குளியலறைக்கும், குளியலறையிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து ஜன்னலோர நாற்காலிக்கும் அவள் எட்டு வைக்கிற அளவுக்கு இடைவெளி விட்டுக் குறுக்குக் கோடுகள் இழுத்தார். டப்பாவில் மிச்சமிருந்த கண்ணாடிப் பொடியையும் தூவினார். அவள் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ள ரோடு போடுறீங்களா?"

"ஆமா. அரசாங்கம் போட்ட ரோடு மாதிரி இருக்காது, உழைக்கும்."

காய்ந்த பிறகு அவள் நடந்தாள். சாய்ந்த வெயிலில் கண்ணாடிப் பொடி மினுங்க, தரையில் யாரோ ஏணியைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. அவள் ஒவ்வொரு படியாக அதில் ஏறிக்கொண்டிருந்தாள்; உயரம்தான் கூடவில்லை. அவர் பக்கத்திலேயே, தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார்.

முன்வாசல் மட்டும் பாக்கி. அம்மா வெளியே இறங்கிவிடாதபடி வாசலைப் பூட்டி வையுங்கள் என்று மகள் தொலைபேசியில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். பூட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் என்ன திருடியா? ஆகவே வாசல்படிக்கு உள்பக்கம், ஒரு சாண் அகலத்தில், சுவருக்குச் சுவர் தடிமனாக ஒரு கோடு இழுத்தார். சிக்னலில் வண்டிகள் நிற்பதற்குப் போடுகிற அதே கோடு. லாரி நிற்கும், பஸ் நிற்கும், போலீஸ் வண்டிகூட நிற்கும். இவள் மட்டும் என்ன?

மகள் இருந்தது தூரத்து ஊரில். கோடுகள் போடுவதற்கு முன்னால் அவள் அம்மா குளியலறை வாசலில் விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தது. அந்தச் சேதி எப்படியோ அவளுக்கு எட்டிவிட்டது.

"அப்பா, இன்னொரு தடவ அம்மா விழுந்தாங்கன்னு தெரிஞ்சா நான் கெளம்பி வந்துருவேன். இங்க பக்கத்துல ஒரு இல்லம் இருக்கு. நர்ஸ் இருக்காங்க, எல்லாம் இருக்கு. அம்மாவ அங்க சேத்துருவேன்."

"என்ன எங்க சேப்ப?"

"உங்கள யாருப்பா சேத்துக்குவா?" சிரித்த மகள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "வெளையாடலப்பா. அம்மாவுக்கு இனிமே விழற தெம்பு இல்ல. உங்களுக்குத் தூக்கற தெம்பு இல்ல. சித்தி ரெண்டு தெரு தள்ளித்தான இருக்காங்க? மத்தியானத்துல வந்து உக்காரட்டும். நீங்க கொஞ்சம் தூங்குங்க."

"அவ வேணாம்."

"ஏன்?"

"சிரிக்க வெச்சுத் தண்ணி குடுக்கறவ அவ."

சித்தி என்று மகள் சொன்னது பெரியவரின் கொழுந்தியாளை. பஸ் நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. குடும்பத்தில் அவளுக்கு மைக்காரி என்று பெயர். காற்று இந்தப் பக்கம் திரும்புகிற மதியங்களில் அவள் குரல் வீடுகளைத் தாண்டி, துணி காயும் மாடிகளைத் தாண்டி, இவர்கள் ஜன்னலுக்கு வந்து சேரும். வார்த்தை கேட்காது, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். அவர் மனைவி அப்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள். பெரியவருக்கு அது வெறும் இரைச்சல்.

முன்பு ஒரு மதியம், வேலைக்கு லீவு போட்டிருந்த மைக்காரி வந்து அக்காளோடு உட்கார்ந்திருந்தாள். பெரியவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். தூங்கிப்போய்த் தப்பான பஸ்ஸில் ஏறின மாப்பிள்ளை ஒருவனின் கதையை அவள் சொல்ல, வாயில் தண்ணீர் இருக்கும்போதே அக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வியாதிக்காரர்களுக்கு விழுங்குவதே ஒரு வேலை. தண்ணீர் போகக்கூடாத வழியில் போய், உதடு நீலம் பாரித்து, பெரியவர் ஓடிவந்து முதுகில் தட்டித் தட்டி மீட்பதற்குள் அவருக்கே உயிர் போய் வந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மைக்காரி சொன்னாள்: "அத்தான், அக்கா வாய்விட்டுச் சிரிச்சா. கேட்டீங்கல்ல?"

அவர் கேட்கவில்லை. நீல உதட்டைத்தான் பார்த்தார். அன்றிலிருந்து அவளுக்கும் கதவு பாதிதான் திறந்தது. அவளும் விடாமல், வேலை முடிந்து போகும்போது ஜன்னலில் முகத்தை வைப்பாள். "அத்தான், இன்னிக்காவது உள்ள வர விசா கெடைக்குமா?" என்பாள். "தூங்குறா" என்பார் அவர். நாற்காலியில் கண் திறந்து உட்கார்ந்திருக்கிற அக்காள், தங்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த நாள் வந்தது ஒரு சாதாரண மதியமாகத்தான். மாத்திரை கொடுத்தாயிற்று. கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்து வாயையும் துடைத்தாயிற்று. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் துண்டை மடிக்கலாம் என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மடித்த துண்டின் மேலேயே சாய்ந்தார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம்.

கனவில் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சாலைக்கு முடிவே இல்லை. வண்டியிலிருந்து வெள்ளை இறங்கிக்கொண்டே இருந்தது, கொஞ்சமும் சுடவில்லை, பால் மாதிரி இருந்தது. பின்னால் யாரோ பொடி தூவிக்கொண்டு வரும் சத்தம் மழைத்தூறலாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தார். தொப்பி வைத்த ஆள். முகம் மட்டும் தெரியவில்லை. "நேராப் போங்க, நல்லாத்தான் போகுது" என்றான் அவன். நீ யாருடா எனக்குச் சொல்ல என்று வாயெடுத்தவருக்கு விழிப்பு வந்துவிட்டது.

நாற்காலியில் யாரும் இல்லை. திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. குளியலறையிலும் இல்லை, சமையலறையிலும் இல்லை. முன்கதவு அகலத் திறந்து, வெளிச்சம் உள்ளே விழுந்து கிடந்தது. தடித்த கோட்டுக்கு அந்தப் பக்கம், படிமேல், அவளுடைய ஒரு செருப்பு.

பெரியவர் செருப்பைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வீடு முழுக்கக் கோட்டைக் கண்டால் காலைத் தூக்கு, தாண்டு என்று அவளுக்குப் பழக்கிவைத்தவர் அவர்தான். அப்புறம் இந்த ஒரு கோடு மட்டும் நில் என்று சொல்லும் என்று எப்படி நினைத்தார்? லாரிக்காரனுக்குத் தெரியும். அவளுக்கு என்ன தெரியும்? இருக்கிற கோட்டிலேயே பெரிய கோடு. அதைத்தான் நன்றாகத் தாண்டிப் போயிருக்கிறாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிர்க் கடைத் தையல்காரர் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அம்மா இப்பத்தான் போனாங்க. நல்லாத்தான் நடந்தாங்க. பின்னாடியே நீங்க வருவீங்கன்னு நெனச்சேன்."

"ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதாய்யா?"

"நடக்கறப்பக் கூப்பிட்டா அப்படியே நின்னு விழுந்துருவாங்க, வாயத் தொறக்காதன்னு நீங்கதான பெரியவரே அன்னிக்கு என்னத் திட்டுனீங்க?"

 பெரியவர் ஓடினார். ஓட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டார்; பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சம் வேகமான தள்ளாட்டம். நடைபாதையில் கல்லுக்குக் கல் இணைப்பு, ஒவ்வொரு இணைப்பும் ஒரு கோடு. இத்தனை நாளும் இது அவர் கண்ணில் பட்டதில்லை. முனையில் பாதசாரிகள் கடக்கிற இடம், அங்கே அகல அகலமான வெள்ளைப் பட்டைகள். ஊரையே கோடு போட்டு அவளுக்காக விரித்து வைத்தாற்போல் இருந்தது. கூட்டம் எதுவும் கூடியிருக்கவில்லை. விழவில்லை, இன்னும் விழவில்லை என்று மூச்சோடு மூச்சாகச் சொல்லிக்கொண்டே போனார். விழுந்தால் அடிபடும் என்பது ஒரு பயம். மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பது அதைவிடப் பெரிய பயம். அந்த இல்லத்தில் அவளுடைய கண்ணோரத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

பட்டைகள் முடிந்த இடத்தில் பஸ் நிலையத்தின் வாயில். உள்ளே பஸ்கள் நிறுத்துகிற பெரிய திடல். மதியமானதால் காலியாகக் கிடந்தது. பஸ்ஸுக்கு ஒரு கட்டம் என்று தரை நெடுக வெள்ளைக் கோடுகள். அந்தக் கோடுகளின் நடுவே, நீல நைட்டியும் ஒற்றைச் செருப்புமாக, அவள் நடந்துகொண்டிருந்தாள்.

பெரியவர் வாயிலிலேயே நின்றுவிட்டார். சூட்டில் தரைக்கு மேல் காற்று நெளிந்தது. அதனால் அவள் பாதம் தரையில் படாத மாதிரி தெரிந்தது. ஒவ்வொரு கோடாகத் தாண்டினாள். முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. யாரும் பிடிக்காமல், யாரும் சொல்லாமல், தனக்கு ஏதோ வேலை இருக்கிற மாதிரி போனாள். இப்படி அவள் போய் அவர் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. 

கோடுகள் தீர்ந்தன. அதற்கப்பால் பஸ்கள் திரும்புகிற வெற்றுத் தரை. அவள் கடைசிக் கோட்டைத் தாண்டி அதில் இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள். பாதம் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் சாயத் தொடங்கியது. அதே நேரம் ஒரு பஸ் வாயிலில் நுழைந்து திரும்பியது.

எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று தெரியாது, இடுப்பைச் சுற்றிப் பிடித்துவிட்டார். வீட்டில் செய்வது போலத் தன் காலை அவள் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தார். "தாண்டு. இதத் தாண்டு."  அவள் காலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் அழுவுறீங்க?"

"வேர்வ. காலத் தூக்கு நீ."

பஸ் டிரைவர் தலையை நீட்டினார். "பெரியவரே, கொஞ்சம் ஓரமாப் போங்க."

"போக முடிஞ்சா போக மாட்டமா?"

பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அவள் உடம்பு விறைத்தது. அவர் பிடித்து இழுக்க இழுக்க அவள் மரமாக இறுகினாள். இரண்டு பேரும் சேர்ந்தே சரியப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கவனத்திற்கு." வழக்கமான வேலைக்குரல். ஒரு நொடி நின்றது. பிறகு வேறு குரலாக இறங்கி வந்தது. "டிரைவரண்ணன்களும் கவனிங்க. யாரும் ஹாரன் அடிக்காதீங்க. நடுவுல நிக்கறது எங்க அக்கா."

திடல் அடங்கியது. பஸ்ஸின் என்ஜின்கூட நின்றது.

"அத்தான், இழுக்காதீங்க. கையெடுங்க. சும்மா பக்கத்துல நில்லுங்க. கேக்குதா? கையெடுங்க."

அவர் எடுக்கவில்லை.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தான். விடுங்க."

விட்டால் விழுவாள். பிடித்தாலும் விழப் போகிறாள். பெரியவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். அவள் விழவில்லை. குரல் எங்கிருந்து வருகிறதென்று மேலே, வெள்ளையாக வெளிறிக் கிடந்த ஆகாயத்தைப் பார்த்தாள்.

"அக்கா. எடது."

தொட்டிலை ஆட்டுகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள் மைக்காரி. அக்காளின் இடது பாதம் எழுந்தது. முன்னால் ஒரு கோடும் இல்லை.

"வலது. ம். எடது. அத்தான் பின்னாடி வருவாரு, வராம எங்க போவாரு. வலது. எடது."

 பஸ் டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் உள்ளங்கையால் அந்தத் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுகிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பெரியவரின் மனைவி ஊர் முழுக்கக் கேட்கும் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, திடலைக் கடந்தாள். பெரியவர் இன்னொரு செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். கண்ணாடி அறைக்குப் போய் அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். உள்ளேயிருந்து மைக்காரி தன் கையை அதே இடத்தில் வைத்தாள். பிறகு மைக்கைக் கையிலேயே பிடித்தபடி கதவைத் திறந்தாள்.

"சாப்டியா?" என்று அக்காள் தன் சின்னக் குரலில் கேட்டது, பஸ் நிலையம் முழுவதும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மைக்காரி அவசரமாக மைக்கை அணைத்துவிட்டு அழுதாள்.

அறைக்கு வெளியே நிழலில் ஒரு பெஞ்சு. அக்காளை உட்கார வைத்து, மைக்காரி தண்ணீர் கொடுத்தாள். தாடையைத் தாழ்த்திப் பிடித்து, கரண்டியில் கொஞ்சமாக எடுத்து, விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த கரண்டி. இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாள் என்று பெரியவர் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

"பாருங்க அத்தான். பேசல, சிரிக்கல."

"இப்ப சிரிக்கல."

"என்னப் பாக்கத்தான் வந்திருக்கா. சத்தத்தப் புடிச்சுக்கிட்டே வந்திருக்கா."

"கோட்டப் புடிச்சு வந்தா."

"வாசல்லருந்து அந்தப் பக்கம் மார்க்கெட்டுக்கும்தான் கோடு போகுது. ஏன் அங்க போகல?"

"வாய்ச்சது இந்தப் பக்கம். அவ்வளவுதான்."

"அவளையே கேப்போம். அக்கா, யாரப் பாக்க வந்த?"

 அக்காளுக்கு வார்த்தை தொண்டைக்கு வர வழி தேடுவது தெரிந்தது. "அந்த அண்ணன்தான் கூட்டிட்டு வந்தாரு" என்றாள்.

"எந்த அண்ணன்?" என்று மைக்காரி மிரண்டாள்.

"எங்க வீட்ல ஒருத்தன் வாடக குடுக்காம இருக்கான். நீ கண்டுக்காத" என்றார் பெரியவர்.

அக்காளின் இடது கண்ணோரம் மின்னியது. பெரியவர் அதைப் பார்த்தார். மைக்காரியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. "சிரிக்கிறா" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். பெரியவருக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்த மினுக்கம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் இதுவரை நினைத்திருந்தார்.

"பொண்ணுகிட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

"விழலியே. என்னத்தச் சொல்ல? ஆனா அத்தான், இன்னிக்கு உங்களுக்கு லீவுன்னு வெச்சுக்குங்க."

அவர் செருப்பைக் குனிந்து அவள் பாதத்தில் மாட்டினார். 

"நாளையிலருந்து காலை ஷிப்டுக்கு மாத்திக்கறேன்" என்றாள் மைக்காரி. "மத்தியானம் முழுக்க நான் இருக்கேன். நீங்க எங்கயாவது போங்க, தூங்குங்க."

"நான் பாட்டுக்கு ஒரு ஓரமாப் படுத்துக்கறேன். உனக்கென்ன?"

"ஒரு கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டா? நீங்க இருந்தா அவ உங்களையேதான் பாத்துக்கிட்டிருப்பா, மனுஷன் சாப்டாரா, மனுஷன் விழுந்துருவாரோன்னு. அவளுக்கும் உங்ககிட்டருந்து கொஞ்சம் லீவு வேணாமா?"

"எங்கிட்டருந்து லீவா?" பெரியவர் மனைவியைப் பார்த்தார். இவள் என்ன உளறுகிறாள் பார் என்று அவள் சொல்லுவாள் என எதிர்பார்த்தார்.

அவள் நடுங்குகிற கையால் அவர் சட்டைக் கையைத் தொட்டாள். "போய்ட்டு வாங்க" என்றாள்.

வேலைக்குப் போகிறவரை வாசலில் நின்று அனுப்புகிற அதே தொனி.

அடுத்த ஷிப்டுப் பெண் வந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாள். வெயில் தாழ்ந்ததும் அக்காளை மெதுவாக வீட்டுக்குக் கூட்டிவருவதாக மைக்காரி சொன்னாள். மாத்திரை எப்போது இறங்கும், கல்லாகும் முன்னால் கண் எப்படிப் போகும், எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், படியில் எப்படி நிற்க வேண்டும் என்று பெரியவர் சொன்னார். சொன்னதையே திரும்பவும் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டுகிறவர்களை அவர் எப்போதுமே நம்பினதில்லை.

"கெளம்புங்க அத்தான். பஸ் ஏத்தி விடட்டுமா?"

"எனக்குக் கால் இருக்கு."

கிளம்பினார். திடலின் ஓரமாகவே நடந்தார். பெஞ்சுப் பக்கம் திரும்பக் கூடாது என்று இருந்தவர், வாயில் வரைக்கும் தாங்கவில்லை; திரும்பினார். இரண்டு பேரும் தோளோடு தோள் சாய்ந்து, ஒன்றும் பேசாமல், நெளிகிற காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இவரைத் தேடவில்லை. இது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வெளியே தெரு அப்படியே இருந்தது. அவளுடைய முழங்கையைப் பிடித்துப் பிடித்துப் பழகிய வலது கை இன்னும் மடங்கியே இருந்ததை ஒரு கடைக் கண்ணாடியில் பார்த்தார். நீட்டிப் பார்த்தார். சும்மா தொங்கவிட்டு நடக்க வரவில்லை. சட்டைப் பைக்குள் வைத்தார். அங்கேயும் அது சும்மா இருக்கவில்லை.

"இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று பக்கத்தில் யாரும் இல்லாமலே சொன்னார். ரெண்டு நாள் வருவாள், மூன்றாம் நாள் தலைவலி என்பாள். பிடிக்கிற பக்கம் மாறிப் பிடிப்பாள். பேச்சு சுவாரசியத்தில் மாத்திரையை மறப்பாள். ஜனங்களைப் பற்றி அவருக்குத் தெரியாததா? ஒரு நாள் பார்க்கலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டே, கொட்டாவி விட்டுக்கொண்டே, பெரியவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.